சோலிஹல்லில் பிறந்து சென்னைக்கு வந்த கார்



இன்றைய பேச்சில் ஒரு காரின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டு வெளிவந்த கார் அது. 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் பெற்றது. பின்னர் 1985-ஆம் ஆண்டில் வேறு பெயரோடு சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைகளில் உருவாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1988-இல், அதன் உற்பத்தி நின்று போயிற்று. இங்கிலாந்தில் அதற்கு ரோவர் எஸ்.டி.1 என்று பெயர். சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெயர்.

ஒரே கார்தான். ஓரிடத்தில் பரிசு வாங்கியது, இன்னோரிடத்தில் தோற்றது. இப்படி நடந்தது ஏன் என்பதுதான் இன்றைய கேள்வி.

சொகுசுக் காரைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், காருக்கும் நமக்கும் உள்ள உறவு நீண்டது. 1877-ஆம் ஆண்டில் நமது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில், அன்றைய ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் தோட்டத்தில், ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவை பல ஆண்டுகள் வேடிக்கை மரங்களாகத்தான் நின்றன. காற்றடைத்த டயரை 1888-இல் டன்லப் என்பவர் சைக்கிளுக்கென்று செய்தார். அது காருக்கும் வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்கள் பெருகிய பிறகுதான், ரப்பருக்குப் பெரும் விலை கிடைத்தது. காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர். ஆகவே, உலகத்தில் எங்கோ ஓடிய கார்களின் சக்கரங்களோடு நம் குடும்பங்களின் வரலாறும் சேர்ந்தே சுழன்றது எனலாம்.

ரோவர் நிறுவனத்தின் பெயரும் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. மழையிலும் சேற்றிலும் செம்மண் பாதையில் ஏறி இறங்கிய லேண்ட்ரோவர் வண்டியை மூத்தவர்கள் அறிவார்கள். 1948-ஆம் ஆண்டில் அந்த வண்டியை வெளியிட்டது ரோவர் நிறுவனமே. அந்த நிறுவனம் முதலில் செய்தது சைக்கிள். 1885-இல் ஸ்டார்லி என்பவர் கவென்ட்ரி நகரில் செய்த ரோவர் சைக்கிள், ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்டது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அதுவே முன்னோடி. 1904-இல் நிறுவனம் முதல் காரைச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோலிஹல் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு மாறியது.

ரோவர் கார்கள் மருத்துவர், வழக்கறிஞர், உயர் அதிகாரி ஆகியோர் விரும்பி வாங்கிய கார்கள். பகட்டு இல்லாமல், அமைதியாக, நெடுநாள் உழைப்பவை என்று பெயரெடுத்தவை. 1963-இல் வந்த ரோவர் 2000 என்ற கார்தான் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசை முதன்முதலில், 1964-ஆம் ஆண்டுக்காக, பெற்ற கார்.

இங்கே ஓர் இயந்திரத்தின் கதையையும் சொல்ல வேண்டும். நம் கேள்விக்கான விடையில் ஒரு பாதி இதில் இருக்கிறது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1961-ஆம் ஆண்டு எட்டு சிலிண்டர் இயந்திரம் ஒன்றை வெளியிட்டது. பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்களும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அதனால் அதற்கு வி-எட்டு என்று பெயர். பெரும்பாலான இயந்திரங்களின் உடலை அக்காலத்தில் இரும்பில் வார்ப்பார்கள். இதையோ அலுமினியத்தில் வார்த்தார்கள். எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் அலுமினியத்தைப் பிழையில்லாமல் வார்ப்பது கடினமாக இருந்தது, செலவும் கூடியது. இரும்பு அமெரிக்காவில் மலிவு. ஆகவே மூன்றே ஆண்டுகளில் பியூக் அந்த இயந்திரத்தைக் கைவிட்டது.

கைவிடப்பட்ட அந்த இயந்திரம் ரோவர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதைச் செய்யும் உரிமையை ரோவர் விலைக்கு வாங்கியது. அதன் பிறகு செய்த காரியம்தான் முக்கியமானது. வரைபடங்களை மட்டும் வாங்கிக்கொண்டு ரோவர் நின்றுவிடவில்லை. அந்த இயந்திரத்தை அமெரிக்காவில் உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோ டர்லி என்ற பொறியாளரை இங்கிலாந்துக்கே வரவழைத்தது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். எந்த இடத்தில் எந்தத் தொல்லை வரும் என்று அறிந்தவர். அவருடைய துணையோடு ரோவர் பொறியாளர்கள் வார்ப்பு முறையையே மாற்றினார்கள். மணல் அச்சில் அலுமினியத்தை வார்த்து, சிலிண்டர்களுக்கான இரும்புக் குழாய்களைப் பின்னர் தனியே அழுத்திப் பொருத்தினார்கள். 1967-இல் அது ரோவர் காரில் ஏறியது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தக் குடும்பத்து இயந்திரம் பல வண்டிகளை இழுத்தது.

ஒரு பொருளை இரவல் வாங்குவது குற்றமன்று. பொருளோடு அதன் அறிவையும் சேர்த்து வாங்கினோமா என்பதே கேள்வி. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1968-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பல கார் நிறுவனங்கள் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார், ரோவர், டிரையம்ப் எல்லாம் அதில் அடக்கம். இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ரோவர் 2000, டிரையம்ப் 2000 என்ற இரண்டு கார்களும் ஒரே வகை வாடிக்கையாளரை நாடியவை. நேற்று வரை போட்டியாளர்களாக இருந்தவர்கள் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இரண்டுக்கும் பதிலாக ஒரே புதிய கார் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. இரு பக்கத்தாரும் தத்தம் திட்டங்களைக் கொடுத்தார்கள். 1971-இல் ரோவர் பக்கத்துத் திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிறப்புக் கார்ப் பிரிவின் முதல் கார் என்ற பொருளில், அதற்கு எஸ்.டி.1 என்று பெயரிட்டார்கள்.

வடிவத்தை அமைத்தவர் டேவிட் பேச். இயந்திர அமைப்புகளுக்குப் பொறுப்பேற்றவர் ஸ்பென் கிங். 1970-இல் வந்த ரேஞ்ச்ரோவர் வண்டியின் பின்னால் இருந்தவரும் அவரே. அக்காலத்துப் பெரிய கார்களுக்குப் பொதுவாக மூன்று பெட்டி வடிவம் இருந்தது. முன்னே இயந்திரப் பெட்டி, நடுவே மனிதர், பின்னே சாமான் பெட்டி. பேச் அதைக் கைவிட்டார். இத்தாலிய நாட்டு விரைவுக் கார்களைப் போல, கூரையிலிருந்து வால் வரை ஒரே சரிவாக இறங்கும் வடிவத்தை வரைந்தார். பின்புறம் முழுவதும் ஐந்தாவது கதவாக மேலே திறக்கும். சொகுசுக் காருக்கு இது அந்நாளில் துணிச்சலான மாற்றம்.

ஸ்பென் கிங் செய்ததோ இதற்கு நேர்மாறு. முந்தைய ரோவர் காரின் பின்சக்கர அமைப்பு மிகவும் சிக்கலானது, விலை கூடியது. அதை விட்டுவிட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே அச்சில் இணைக்கும் பழைய முறைக்கே அவர் திரும்பினார். பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே போதும் என்றார். குறைந்த பாகங்களைக் கொண்டு செய்து, அவற்றைச் செம்மையாகப் பொருத்தினால் கார் நன்றாக ஓடும் என்பது அவர் கருத்து. ஓட்டுநர் பார்க்கும் கருவிகளைக்கூட ஒரு தனிப் பெட்டியில் வைத்து முன்பலகையின் மீது அமர்த்தினார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஒரு வகை, இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஒரு வகை என்று இரண்டு முன்பலகைகள் செய்ய வேண்டியதில்லை.

1976-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ரோவர் 3500 என்ற பெயரில் கார் வெளிவந்தது. 3528 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்த வி-எட்டு இயந்திரம் ஏறத்தாழ 155 குதிரைத்திறன் தந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. பரிசு கிடைத்தது. வாங்குவதற்கு மக்கள் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். மறு ஆண்டு, ஆறு சிலிண்டர் இயந்திரம் கொண்ட சற்று மலிவான வகைகளும் வந்தன.

ஆனால், காத்திருந்து வாங்கியவர்களின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வண்ணப்பூச்சு உரிந்தது. மழை பெய்தால் கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது. மின்சார இணைப்புகள் அடிக்கடி பழுதாயின. பிரிட்டிஷ் லேலண்ட் 1975-ஆம் ஆண்டிலேயே பண நெருக்கடியில் விழுந்து அரசாங்கத்தின் கைக்குப் போயிருந்தது. தொழிற்சாலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத தகராறு. இன்று ஒரு பகுதி வேலைநிறுத்தம், நாளை இன்னொரு பகுதி. அதனால் எண்ணிக்கையும் குறைந்தது, தரமும் குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்தக் காரின் உற்பத்தியைச் சோலிஹல்லிலிருந்து கௌலி என்ற ஊருக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வேலைப்பாடு ஓரளவு சீர்பட்டது. விட்டேஸ் என்ற வேகமான வகை பந்தயங்களில் வெற்றி கண்டது. ஆனால் ஒருமுறை கெட்ட பெயரை மீட்பது கடினம் அல்லவா? 1986-ஆம் ஆண்டு ரோவர் 800 என்ற புதிய கார் அதன் இடத்துக்கு வந்தது. அதை ரோவர் தனியாகச் செய்யவில்லை; ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. மொத்தத்தில் எஸ்.டி.1 கார்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்டன.

இனிச் சென்னைக்கு வருவோம். இங்கிலாந்தின் ரோவர் கார் சென்னைக்கு எப்படி வந்தது?

கவென்ட்ரி நகரில் 1903-இல் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம். இந்தியா விடுதலை பெற்ற சிறிது காலத்தில், 1940-களின் இறுதியில், அதன் கூட்டுறவோடு ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் சென்னையில் ஏற்பட்டது. சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. ரயிலில் தாம்பரம் தாண்டிச் செங்கற்பட்டு நோக்கிப் போகிறவர்கள் கடந்து செல்லும் இடம் அது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் டிரையம்ப் நிறுவனத்தை வாங்கியது. பின்னர் இருவரையும் லேலண்ட் வாங்கியது. அந்த லேலண்டோடுதான் ரோவரும் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற கார்ப் பெயர் 1963-இல் மறைந்துவிட்டது. ஆனால் சென்னையில் அந்தப் பெயர் தொடர்ந்து வாழ்ந்தது.

அக்காலத்து இந்தியச் சாலைகளில் முக்கியமாக மூன்றே வகைக் கார்கள். கல்கத்தாவுக்கு அருகே செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. ஹெரால்டு காரின் வடிவத்தை வரைந்தவர் மிகெலொட்டி என்ற இத்தாலியர். அதன் உடல் தனித்தனித் தகடுகளாகச் செய்யப்பட்டு, அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டப்படும். மிகப் பெரிய அழுத்து இயந்திரங்கள் இல்லாத தொழிற்சாலைக்கு இது வசதியான முறை. 1961-இல் சென்னையில் ஹெரால்டு உற்பத்தி தொடங்கியது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு செல்லும் இந்தியருக்கு நான்கு கதவு வேண்டும் என்று, சென்னைத் தொழிற்சாலை தானே மாற்றி அமைத்து நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் கெஸல் என்ற காராக அதை மேலும் மாற்றியது. ஆகவே, சென்னைத் தொழிலாளர்களுக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவர்கள் தெரிந்த பொருளைத் தம் நாட்டுத் தேவைக்கேற்ப மாற்றிக் காட்டியவர்கள்.

1970-களின் பிற்பகுதியில் அந்தத் தொழிற்சாலை கார் செய்வதை நிறுத்தி, சரக்கு வண்டிகளை மட்டும் செய்து வந்தது. இதற்கிடையே இந்தியாவின் கார்ச் சந்தை விழித்துக்கொண்டது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானின் சுசுகி நிறுவனத் துணையோடு மாருதி என்ற சிறிய கார் வெளிவந்தது. பெட்ரோல் குறைவாகக் குடித்தது. தொல்லை தரவில்லை. மக்கள் மொய்த்தார்கள். மற்ற நிறுவனங்களும் புதுக் கார் தேடின. அம்பாசடர் நிறுவனம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனத்து வடிவம் ஒன்றை வாங்கி, 1984-இல் கான்டெசா என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. சென்னை நிறுவனம் ரோவர் எஸ்.டி.1 வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 பிறந்தது.

அதன் தோற்றம் கண்ணைக் கவர்ந்தது. அம்பாசடரையே கார் என்று பார்த்துப் பழகிய தெருவில், நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக அது வந்து நின்றபோது கூட்டம் கூடியதில் வியப்பில்லை. இந்தியச் சாலைகளின் மேடுபள்ளத்துக்காக அதன் உடலைச் சற்று உயர்த்தியிருந்தார்கள். ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே அந்த வி-எட்டு இயந்திரம் இல்லை. ஆறு சிலிண்டர் இயந்திரமும் இல்லை. 1991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்று இருந்தது. அது 1940-களில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு என்ற காருக்காக வகுக்கப்பட்ட இயந்திரத்தின் வழிவந்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். சிலிண்டர் என்பது, பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்ற குழாய். சில இயந்திரங்களில் அந்தக் குழாயை இயந்திரத்தின் உடலோடு சேர்த்தே வார்த்துவிடுவார்கள். தேய்ந்தால் முழு உடலையும் கழற்றிக் கடைந்தெடுக்க வேண்டும். வான்கார்டு இயந்திரத்தில் குழாய்கள் தனி. குளிர்விக்கும் தண்ணீர் அவற்றின் வெளிப்புறத்தை நேரே தொட்டுச் சுற்றிவரும். தேய்ந்தால் பழைய குழாயை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். நல்ல பட்டறையும் நல்ல மெக்கானிக்கும் அரிதாயிருக்கும் ஊர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. இந்த இயந்திரக் குடும்பம் உலகப் புகழ் பெற்ற பெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. உழுவதற்கும் இழுப்பதற்கும் உகந்த, நம்பிக்கையான இயந்திரம்.

ஆக, இயந்திரம் மோசமானதன்று. இடந்தான் பொருந்தவில்லை. அது தந்தது ஏறத்தாழ 83 குதிரைத்திறன். அந்தக் காரின் உடலோ 155 குதிரைத்திறனை மனத்தில் வைத்து வரையப்பட்டது. பால்வெட்டித் தொழிலாளி ஒருவர் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். அதே சுமையை அவரில் பாதி பலமுள்ள ஒருவர் தோளில் வைத்தால் என்ன ஆகும்? அவரும் கொட்டகைக்கு வந்து சேருவார். ஆனால் மேட்டில் நின்று நின்று வருவார், மூச்சு வாங்கும், பசியும் கூடும். காருக்கும் அப்படித்தான். குறைந்த சக்தியுள்ள இயந்திரம் பெரிய உடலை இழுக்க வேண்டுமானால், மிதியை நன்றாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது பெட்ரோல் மிச்சமாவதில்லை, கூடுதலாகவே செலவாகிறது. வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை என்றால், அவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்?

பிறகு ஏன் அந்த இயந்திரத்தை வைத்தார்கள் என்று கேட்கலாம். அக்கால இந்தியாவில் எதைச் செய்வதற்கும் அரசாங்க உரிமம் வேண்டும். அந்நியச் செலாவணி அரிது. வெளிநாட்டிலிருந்து பாகம் தருவித்தால் வரி மிகுதி. புதிய இயந்திரத்தைச் செய்ய வேண்டுமானால் வார்ப்படச் சாலையிலிருந்து கடைசல் எந்திரம் வரை புதிதாக முதலீடு வேண்டும். வான்கார்டு வழி இயந்திரமோ தங்கள் வண்டிகளால் தொழிற்சாலைக்குப் பழகிப்போன ஒன்று. இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணினார்கள். இல்லாதவர் வீட்டில் நடப்பதுதான். ஆனால் வாங்குகிறவர் நம் சிரமத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்த காசுக்குப் பொருள் தகுமா என்றுதான் பார்ப்பார்.

இதே தவறு கான்டெசா காரிலும் நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதிலும் முதலில் அம்பாசடரின் பழைய இயந்திரத்தையே வைத்தார்கள். அந்தக் காரும் திணறியது. ஆனால் 1980-களின் பிற்பகுதியில், ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் இயந்திரத்தை அதில் பொருத்தினார்கள். உடலுக்கேற்ற உயிர் வந்தது. அந்தக் கார் 2002-ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. ஸ்டாண்டர்ட் 2000 காருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. நான்கு கதவு ஹெரால்டைச் செய்த அந்தத் தொழிற்சாலையின் கதவுகள் மூடப்பட்டன. பல ஆண்டுகள் கிடந்து, 2006-ஆம் ஆண்டு வாக்கில் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. எஞ்சிக் கிடந்த காரின் பாகங்களை இங்கிலாந்தின் உதிரிப் பாக வணிகர் வாங்கிச் சென்றார். பழைய ரோவர் கார்களைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கு அவை பயன்பட்டன. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த வடிவம், பாகம் பாகமாக இங்கிலாந்துக்கே திரும்பியது.

பொருள் திரும்பிப் போயிற்று. வேலையிழந்த குடும்பங்களின் ஆண்டுகள் திரும்பி வரவில்லை. தொழிற்சாலை மூடுவது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டதையும், ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்ததையும், வீடமைப்புத் திட்டத்துக்காக லயன்கள் இடிந்ததையும் கண்டவர்கள் நாம்.

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 பிறந்த அதே 1985-ஆம் ஆண்டில், ஜூலை 9-ஆம் நாள், மலேசியாவின் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதுவும் இரவல் வடிவந்தான். ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் காரை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. முதலாவது, உடலையும் இயந்திரத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாகவே வாங்கினார்கள். இரண்டாவது, வாங்கியதோடு நில்லாமல் கற்றுக்கொள்ள முயன்றார்கள். 1989-இல் சாகா இங்கிலாந்திலேயே விற்பனைக்குச் சென்றது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த வாஜா, புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார். 2004-இல் லோட்டஸ் துணையோடு செய்த சொந்த இயந்திரமும் வந்தது.

இதனால் புரோட்டோன் தவறே செய்யவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அரசாங்கம் வெளிநாட்டுக் கார்களுக்கு அதிக வரி விதித்து அதைக் காத்தது. பாதுகாப்பில் வளர்ந்த பிள்ளைக்குச் சில வேளை கவனம் குறையும். கார்க் கண்ணாடியை இறக்கினால் ஏறாது என்று நம்மவர்கள் கேலி பேசிய காலமும் இருந்தது. விற்பனை சரிந்தது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதன் பிறகு மறுபடியும் ஒரு கற்கும் காலம் தொடங்கியது. சோலிஹல்லின் பாடம் இங்கும் பொருந்துகிறது. வடிவமும் இயந்திரமும் நன்றாயிருந்தாலும், பூட்டுகிற கையில் கவனம் இல்லாவிட்டால் பயனில்லை.

ஆக, ஒரு காருக்கு மூன்று வேண்டும். கண்ணைக் கவரும் வடிவம் ஒன்று. அதற்குப் பொருந்திய இயந்திரம் இரண்டு. ஒவ்வொரு திருகையும் ஒழுங்காக முடுக்கும் வேலைத்திறன் மூன்று. சோலிஹல்லில் முதல் இரண்டும் இருந்தன; மூன்றாவது குறைந்தது. சென்னையில் முதலாவது இருந்தது, மூன்றாவதும் இருந்தது என்பதற்கு ஹெரால்டு சான்று, இரண்டாவது இல்லை. வடிவத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். இயந்திரத்தையும் அறிந்தவரைத் துணை வைத்துக்கொண்டு வாங்கலாம். மூன்றாவதை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் தருவிக்க முடியாது. அதை அவரவர் ஊரில்தான் வளர்க்க வேண்டும்.

இதை நான் பேராக்கில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தின் தெற்கு எல்லையிலுள்ள தஞ்சோங் மாலிம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பெயர் போன ஊர். 1922 முதல் அங்கே ஆசிரியர்கள் உருவானார்கள். 2003-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே கார்களும் உருவாகின்றன. புரோட்டோன் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் நம் மாநிலம் காருக்கு ரப்பரை மட்டும் கொடுத்தது. டயரும் காரும் கடல் கடந்த நாடுகளில் உருவாயின. இப்போது முழுக் காரும் நம் மண்ணிலேயே உருவாகிறது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பெற்றோர் சிலர், பிள்ளைக்கு எப்படியாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்கிறார்கள். அது போதாது. பொத்தானை அழுத்தும் வேலையோடு நிற்பவர் தொழிற்சாலை மூடினால் வெறுங்கையோடு வெளியே வருவார். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, ஏன் பழுதாகிறது, எப்படிச் சீராக்குவது என்று கற்றவரோ அறிவைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். ஓய்வு பெறும் வயதில் அமெரிக்கப் பொறியாளர் டர்லியை இங்கிலாந்து அழைத்தது அவருடைய தோள் பலத்துக்காக அல்ல; தலைக்குள் இருந்த அறிவுக்காக. தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பப் பயிற்சி நிலையங்களும் நம் நாட்டில் இருக்கின்றன. கணக்கிலும் அறிவியலிலும் ஆர்வமுள்ள பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், அங்கே அனுப்பத் தயங்க வேண்டாம்.

சாலையில் ஒரு கார் நம்மைக் கடந்து போகும்போது அதன் பளபளப்பைப் பார்க்கிறோம். இனி, பிள்ளைகளோடு நிற்கும்போது இன்னும் ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். இதன் மூடிக்கு அடியில் இருப்பது என்ன, அதைச் செய்யத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிற பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.